காதிரைச்சலும் வீட்டுப் பயிற்சிகளும்

பிறர் எவருக்கும் கேளாத ஓர் ஒலி ஒருவருக்கு மாத்திரம் இடைவிடாது கேட்பதுண்டு. சிலருக்கு அது சில்வண்டின் ரீங்காரம் போலவும், சிலருக்குச் சங்கைக் காதருகே வைத்தாற் கேட்கும் ஓசை போலவும், வேறு சிலருக்குத் தொலைவில் ஓடும் இயந்திரப் படகின் முழக்கம் போலவும் தோன்றும். இதனைக் காதிரைச்சல் என்பர். காது கூவுகிறது என்று சொல்வாரும் உளர். உலகெங்கும் வளர்ந்தோருள் நூற்றுக்குப் பத்து முதற் பதினைந்து பேர்வரை இதனை உணர்கின்றனர் என மருத்துவர் கணக்கிட்டுள்ளனர். அவர்களுட் பெரும்பாலார் அதனைப் பொருட்படுத்துவதில்லை. நூற்றுக்கு ஓரிருவருக்கோ அது உறக்கத்தையும் தொழிலையும் மனவமைதியையும் ஒருங்கே கெடுக்கும் பெருந் துன்பமாகி விடுகின்றது.

பகலிலே இத்துன்பம் அவ்வளவாகத் தோன்றாது. சந்தை இரைச்சலும் குழந்தைகளின் கூச்சலும் அடுக்களை ஓசையும் அதனை மூடிவிடும். இரவிலேதான் அது தலை தூக்கும். நெடுந்தீவு போன்ற ஓரிடத்தில், கல்வேலிகளுக்கு அப்பால் வாகன ஓசையும் அடங்கி, காற்றும் ஓய்ந்த ஓரிரவில், காதிரைச்சலுடையவருக்கு அவ்வமைதியே பகையாகின்றது. பட்டினத்தில் உள்ளவரினும் தீவில் உள்ளவர் இதனை மிகுதியாக உணர்வதற்கு நோயின் கடுமைதான் காரணம் என்பதில்லை. சூழலின் நிசப்தமும் ஒரு காரணமாகும்.

இந்நிசப்தத்தின் வலிமையை 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹெல்லர், பேர்க்மன் என்னும் இருவர் சோதித்துப் பார்த்தனர். செவிப்புலன் நன்றாக உள்ள எண்பது பேரை, வெளியோசை புகாத அறையொன்றினுள் ஒருவர்பின் ஒருவராகச் சில நிமிடம் இருக்கச்செய்து, என்ன கேட்கிறதெனக் குறிக்கும்படி கூறினர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்று நால்வர் ஏதோ ஓர் ஒலி கேட்டதாகவே குறித்தனர். அவ்வறையில் ஒலி எதுவும் இருக்கவில்லை. ஆகவே காதிரைச்சலின் வித்து ஏறக்குறைய எல்லாரிடமும் உள்ளது. சிலரிடத்தில் அது முளைத்து வளர்கின்றது என்றே கொள்ளவேண்டும்.

அது வளரும் வகையை அறியக் காதின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த நாடு இது. ஆதலால் இவற்றைத் தமிழிற் சொல்வது புதுமையன்று. வெளியிலிருந்து வரும் ஒலி செவிப்பறையை அதிரச் செய்கின்றது. அதன் பின்னுள்ள நடுச்செவியின் மூன்று சிற்றெலும்புகள் அவ்வதிர்வை உட்செவிக்கு ஊட்டுகின்றன. உட்செவியில் நத்தையோடு போற் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள்ளே ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் வரிசையாக நிற்கின்றன. அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுபவை அவையே. பேரொலியாலோ முதுமையாலோ அவை ஒருமுறை அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. நத்தையின் வாயிலருகே நிற்பவை உயர்ந்த சுருதியை உணர்பவை. பெரும்பாலும் முதலில் அழிபவையும் அவையே. காதிரைச்சல் பலருக்குக் கீச்சென்ற உயர்ந்த சுருதியிற் கேட்பதற்கு இதுவே காரணம்.

காதிலிருந்து செய்தி குறைந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. தொலைவிலுள்ள நிலையம் தெளிவாகக் கேளாதபோது வானொலிப் பெட்டியின் ஒலியளவைத் திருகிக் கூட்டுகிறோம். நிலையத்தின் குரல் சிறிது உயர்கின்றது. அதனோடு கூடவே 'உஸ்' என்ற இரைச்சலும் உயர்கின்றது. மூளையும் இவ்வாறே தன் திருகியைக் கூட்டுகின்றது என்பதே இன்று அறிஞர் பலரும் ஏற்கும் விளக்கம். காதிரைச்சல் காதிலே தொடங்கினும் அது ஒலிப்பது மூளையிலேயாம். இதனை மனங்கொண்டால், காதினுள் எதனை ஊற்றினும் இரைச்சல் ஏன் நிற்பதில்லை என்பது தானே விளங்கும்.

தீவகத்து மக்களுக்கு இந்நோய் வரும் வழிகள் சில தனியானவை. படகின் இயந்திரம் அவற்றுள் முதன்மையானது. நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் கேட்பதாயின் 85 தெசிபெல் வரையே காதுக்குத் தகும் எனத் தொழிற்சுகாதார அறிஞர் வரையறுத்துள்ளனர். ஒவ்வொரு மூன்று தெசிபெல் உயரும்போதும் தகுந்த நேரம் பாதியாகக் குறையும். டீசல் இயந்திர அறையில் 100 தெசிபெல்லை எட்டுவது அரிதன்று. அக்கணக்கின்படி அங்கே கால்மணி நேரமே தகும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்லும் பயணம் ஏறக்குறைய ஒரு மணிநேரமாகும். மேற்றட்டிலே காற்று வாங்கும் பயணிக்கு அதனால் தீங்கில்லை. இயந்திரத்தின் அருகே ஆண்டுக்கணக்காக நிற்பவரின் காதே அதற்கு விலை கொடுக்கின்றது. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் நெடுங்காலமாக மின்சாரம் தந்த டீசல் மின்பிறப்பாக்கிகளைக் காத்து நின்றவர்களின் நிலையும் இதுவே. இத்தகையோர் காதிற் பஞ்சை அடைத்துக்கொள்வது வழக்கம். பஞ்சு ஒலியைத் தடுப்பது மிகச் சொற்பம். மெழுகினாலோ நுரைப்பொருளாலோ செய்த செவியடைப்பானே தக்க காவலாகும்.

போரின் பங்கையும் மறைப்பதற்கில்லை. 1990ஆம் ஆண்டின் யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகை, அவ்வாண்டு ஆகஸ்டில் தீவகத்தில் நடந்த இராணுவ நடவடிக்கை, அதன்பின் 2009 மே வரை நீண்ட ஆண்டுகள் ஆகியவற்றிலே குண்டோசையை அருகிருந்து கேட்டவர் பலர் இன்று நடுவயதையும் முதுமையையும் அடைந்துள்ளனர். கிழிந்த செவிப்பறை பலவேளை தானே மூடிக்கொள்ளும். அழிந்த மயிர்க்கலம் மீள்வதில்லை.

மருந்துகளும் காதை இரையச் செய்யும். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையை வாட்டிய மலேரியாக் கொள்ளைநோய்க் காலத்திற் கொயினா உண்டவர்கள், அளவு மிகுந்தபோது காது இரைவதை அறிந்திருப்பர். மூட்டுவலிக்கு ஆஸ்பிரினை மிகுதியாக உண்பவர்க்கும் அவ்வாறே. இவை மருந்தை நிறுத்தப் பெரும்பாலும் நீங்குவன. வேறு சில ஊசிமருந்துகள் உண்டாக்கும் கேடு நீங்காதது. எனவே காது இரைபவர் தாம் உண்ணும் மருந்துகளின் பெயரை வைத்தியருக்குச் சொல்லுதல் வேண்டும். தாமாக நிறுத்திவிடுதல் ஆகாது.

இனி, வீட்டிலே செய்யத்தக்கவை யாவை என்பதற்கு முன், வீட்டுச் சோதனை ஒன்று எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லுதல் தகும். இலண்டனில் ஜோசப் தொயின்பீ என்னும் காதுவைத்தியர் இருந்தார். இறந்தோரின் காதுகளை ஏறக்குறைய இரண்டாயிரம் வரை அறுத்து ஆராய்ந்தவர் அவர்; காதுநோய் அறிவை விஞ்ஞானமாக்கியோருள் ஒருவர். 1866ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், காதிரைச்சலுக்கு மருந்து காணும் நோக்கத்தோடு, குளோரோபோம் ஆவியையும் நச்சு அமிலமொன்றின் ஆவியையும் உள்ளிழுத்து, மூக்கைப் பொத்தி அவற்றை நடுச்செவிக்குட் செலுத்தும் சோதனையைத் தம்மிலேயே செய்தார். அச்சோதனையிலேயே உயிர் துறந்தார். அவருக்கு அப்போது வயது ஐம்பதே. காதைப்பற்றி அக்காலத்தில் அவரளவு அறிந்தவர் மிகச் சிலர். இரைச்சலை ஒரேயடியாக அழித்துவிட வேண்டும் என்ற ஆவல் எத்துணை வலியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. கீழே கூறப்படும் பயிற்சிகள் எவையும் இரைச்சலை அழிப்பன அல்ல. அதன் அயலிலுள்ள கழுத்து, தாடை, மூச்சு, உறக்கம் ஆகியவற்றைச் சீர்செய்து, அவ்வழியே அதனைத் தணிப்பவை.

கழுத்துக்கும் காதுக்கும் என்ன தொடர்பு என ஐயுறுதல் இயல்பே. முகம், தாடை, கழுத்து ஆகியவற்றிலிருந்து வரும் உணர்ச்சி நரம்புகளின் செய்தி மூளையின் அடித்தண்டிலே செவிநரம்பின் செய்தியோடு ஓரிடத்திற் கலக்கின்றது. ஆதலின் கழுத்துத் தசை இறுகினால் அதன் முறையீடு ஒலியாகவும் தோன்றக்கூடும். இதனை எவரும் வீட்டிலேயே சோதிக்கலாம். அமைதியான அறையில் அமர்ந்து, பற்களை இறுகக் கடித்துப் பார்க்கவேண்டும். பின் தாடையை முன்னே நீட்டியும், தலையை இருபுறம் திருப்பியும், நெற்றியிற் கையை ஊன்றித் தலையால் அதனை எதிர்த்துத் தள்ளியும் பார்க்கவேண்டும். காதிரைச்சல் உடையோருள் மூவரில் இருவர்க்கு இவற்றுள் ஏதோ ஒன்றினால் இரைச்சல் கூடியோ குறைந்தோ சுருதி மாறியோ கேட்கும். அவ்வாறு மாறுபவர்களுள், கழுத்திலோ தாடையிலோ நோவும் உள்ளவர்களே பின்வரும் பயிற்சிகளால் மிகுந்த பயன் அடையத்தக்கவர். மாறாதவர்களும் செய்யலாம்; ஆயின் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நன்று.

முதலிற் கழுத்துக்குரியவை. சுவரிற் முதுகு படிய நிமிர்ந்து அமர்ந்து, பார்வை நேரே நிற்க, மோவாயைக் கீழே கவிழ்க்காமற் பின்னோக்கி இழுக்க வேண்டும். பிடரி சுவரை நோக்கிச் செல்லும். ஐந்து செக்கன் நிறுத்தித் தளர்த்தவேண்டும். இது பத்து முறை. அடுத்து, வலக்கையைத் தொடையின் கீழ் வைத்து அதன்மேல் அமர்ந்து, தலையை இடத்தோளின் பக்கமாகச் சாய்த்து, வலக்கழுத்து இழுபடுவதை உணர்ந்து, இருபது முதல் முப்பது செக்கன் வரை அப்படியே இருத்தல் வேண்டும். இருபுறமும் மும்முறை. பின்பு தோள்களைக் காதுவரை உயர்த்தி, மூச்சை விடும்போது அவற்றை விழவிடுதல். இவை அனைத்தும் பத்து நிமிடத்துள் முடிவன. காலையும் மாலையுமாக நாளுக்கு இருமுறை போதும். தலையைச் சக்கரம்போற் சுழற்றுவது நல்லதன்று. சிறப்பாக முதியோர் அதனைத் தவிர்க்கவேண்டும். தலைசுற்றலோ கைவிறைப்போ தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

நாள்முழுதும் குனிந்து வலை இழுப்பவர்க்கும், வலையின் கண்களைக் கோப்பவர்க்கும், தலையிலும் இடுப்பிலும் தண்ணீர்க் குடம் சுமந்தவர்க்கும், இக்காலத்திற் கைத்தொலைபேசியைக் குனிந்தே பார்த்திருப்பவர்க்கும் கழுத்து இறுகுவது பொதுவானது. இப்பயிற்சிகளின் பயன் எத்தன்மையது? பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் நகரில் கழுத்தோடு தொடர்புற்ற காதிரைச்சலுடைய 38 பேருக்கு ஆறு வாரம் கழுத்துச் சிகிச்சையும் பயிற்சியும் தந்து ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டனர். சிகிச்சை முடிந்தவுடன் பாதிப் பேருக்குச் சற்று மேலானோர் நல்ல தணிவு கண்டனர். மேலும் ஆறு வாரம் கழிந்து பார்த்தபோது நால்வரில் ஒருவரிடத்தே அத்தணிவு நிலைத்திருந்தது. இது பெருவெற்றியன்று, ஆயினும் செலவற்ற ஒரு முயற்சிக்குக் கிடைத்த பலன் என்ற அளவிற் புறக்கணிக்கத்தக்கதும் அன்று.

தாடை இன்னும் நெருங்கிய அயலாள். கீழ்த்தாடையின் மூட்டு காதுத் துவாரத்துக்கு முன்னே ஒரு விரற்கடை தூரமும் இல்லாமல் அமைந்துள்ளது. கவலையுடையோர் உறக்கத்திற் பல்லைக் கடிப்பர். வெற்றிலை போடுவோர் ஒருபுறமாகவே மெல்லுவர். யாழ்ப்பாணத்தார் புழுக்கொடியலைக் கடித்து நெடுநேரம் அசைபோடுவர். தாடைமூட்டில் நோவும் 'கிளிக்' என்ற ஓசையும் இருப்பவர் சில வாரங்களுக்குப் புழுக்கொடியலையும் இறுகிய கருவாட்டையும் தவிர்த்துப் பார்க்கலாம். பயிற்சி எளிது. 'ன்' என்று உச்சரித்து, நாநுனி மேலண்ணத்தைத் தொட்ட அவ்விடத்திலேயே அதனை நிறுத்திக்கொள்ள வேண்டும். உதடுகள் மூடியும் பற்கள் ஒன்றையொன்று தொடாமலும் இருக்கவேண்டும். தாடை ஓய்வுகொள்ளும் நிலை இதுவே. நா அவ்விடம் விட்டு விலகாதபடி வாயை மெல்லத் திறந்து மெல்ல மூடுதல், ஒரு வேளைக்கு ஆறுமுறை. பின்பு பற்களைக் கடிக்கும்போது கன்னத்திலே புடைக்கும் தசையை இருவிரலால் வட்டமாக இரண்டு நிமிடம் நீவிவிடலாம். உறங்கப்போகுமுன் வெந்நீரிற் பிழிந்த துணியைக் கன்னத்திற் பத்து நிமிடம் வைப்பது தசையை நன்கு இளக்கும்.

மூன்றாவது, நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் ஊத்தேக்கியோவின் குழாய் பற்றியது. தடிமன் பிடித்தவருக்கும் கடலில் மூழ்குபவருக்கும் இக்குழாயே துன்பம் தருகின்றது. வட இலங்கைக் கடலிற் சங்கு குளித்தல் மிகப் பழந்தொழில். அச்சங்குகள் வளையலாவதற்கு வங்காளம்வரை சென்றன. பிற்காலத்திற் கடலட்டைக்காகவும் மூழ்குகின்றனர். நீரின் மேற்பரப்பிலிருந்து பத்து மீற்றர் ஆழத்துக்குச் செல்லும்போது அமுக்கம் இரட்டிக்கின்றது. நடுச்செவியின் காற்று பாதியளவாகச் சுருங்க முயல்கின்றது. குழாய் திறந்து காற்றை விடாவிட்டாற் செவிப்பறை உட்குழிந்து நோகும். அதனையும் மீறி இறங்கினாற் கிழியும். அமுக்கம் விகிதப்படி மிகுதியாக மாறுவது முதற் சில மீற்றர்களிலேயே ஆதலால், ஆழத்திலன்றிக் கரையோரத்திலேயே காது கெட்டவர் பலர்.

காது அடைத்து இரைபவர் விழுங்குதல், கொட்டாவி விடுதல் ஆகிய இரண்டினாலேயே பெரும்பாலும் குழாயைத் திறக்கலாம். திறவாவிடின் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு தண்ணீர் விழுங்கலாம். இம்முறை முன்னர்க் கூறிய தொயின்பீயின் பெயராலேயே வழங்குகின்றது. மூக்கையும் வாயையும் மூடிக் காற்றை மெல்ல ஊதித் தள்ளுவது மற்றொன்று. 1704இல் வல்சல்வா என்னும் இத்தாலிய அறிஞர் எழுதிவைத்தது இது. மெல்ல என்ற சொல்லே இங்கு உயிர்நாடி. பலங்கொண்டு ஊதினால் உட்செவியின் மெல்லிய சவ்வு கிழிந்து, அடைப்புக்குப் பதிலாக நிரந்தரச் செவிடு நேரலாம். தடிமன் உள்ள நாளில் இதனைச் செய்யலாகாது. அந்நாளில் மூழ்குவதும் ஆகாது. மூழ்குபவர் நோவு தோன்றுமுன்பே, ஒவ்வொரு முழம் இறங்கும்போதும் காதைத் திறந்துகொள்ளுதல் வேண்டும். திறவாவிடிற் சற்று மேலேறி மீண்டும் முயல்வதே முறை. மூழ்கி எழுந்தபின் தலைசுற்றலோடு காது இரைந்தால் அது பயிற்சிக்குரிய காரியமன்று, வைத்தியசாலைக்குரியது.

இரு உள்ளங்கைகளாலும் காதுகளை மூடி, நடுவிரலின் மேல் ஏற்றிய சுட்டுவிரலைப் பிடரியிற் 'டொக் டொக்' எனச் சொடுக்கும் முறையொன்று இக்காலத்திற் பரவியுள்ளது. சீனரின் பழைய தேகப்பயிற்சிகளில் இதற்குத் தேவலோகப் பறை என்னும் பொருள்படும் பெயருண்டு. நாற்பது ஐம்பது முறை செய்தால் இரைச்சல் அறவே போய்விடும் என்பர். சிலருக்குச் சில நிமிடம் தணிவது உண்மையாகலாம். ஏதேனும் ஓரொலி காதுக்குட் சிறிதுநேரம் நின்று ஓய்ந்தபின் இரைச்சல் சற்று அடங்குவது மருத்துவர் அறிந்ததே. மெல்லச் செய்தால் தீங்கில்லை. நிரந்தர குணம் தரும் என்பதற்கு மட்டும் ஆதாரமில்லை.

மூச்சுப்பயிற்சியின் காரியம் வேறு. இரைச்சலைக் கேட்டதும் உள்ளம் அஞ்சுகின்றது. அச்சத்தால் மூளை விழிப்படைகின்றது. விழிப்படைந்த மூளைக்கு இரைச்சல் மேலும் உரத்துக் கேட்கின்றது. இவ்வட்டத்தை 1990ஆம் ஆண்டில் யஸ்திறெபோவ் என்னும் அறிஞர் விளக்கிக் காட்டினார். அதனை அறுக்கும் இடம் அச்சமேயாகும். படுக்கையில் ஒரு கையை வயிற்றின்மேல் வைத்து, நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளே எடுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளியே விடவேண்டும். வெளிவிடும் மூச்சோடு வண்டுபோல் மூக்கால் முரலுவது யோகிகளின் வழக்கம். அம்முரற்சி இரைச்சலையும் சிறிதே மூடும். பத்து நிமிடம் இவ்வாறு செய்து, பின் பாதத்திலிருந்து தலைவரை ஒவ்வொரு தசைக்கூட்டத்தையும் ஐந்து செக்கன் இறுக்கி விட்டுவிடலாம். 1929இல் யேக்கப்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் இம்முறையை விரிவாக நூலாக்கினார். உடலை இறுக்கியவன்தான் தளர்ச்சி எதுவென அறிவான் என்பது அவர் கருத்து.

இவை எல்லாவற்றிலும் எளியதும், பலர் செய்யத் தவறுவதும் ஒன்றுண்டு: காதைத் தனித்து விடாதிருத்தல். ஓசை எழும்போது காதிரைச்சல் ஏன் ஓய்கின்றது என்ற வினா அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க நூலொன்றிலேயே காணப்படுகின்றது. பேரோசை சிற்றோசையைத் துரத்துகின்றதோ என அந்நூல் தானே விடையும் தேடுகின்றது. எனினும் முற்றாகத் துரத்த முயலவேண்டியதில்லை. இரைச்சல் மங்கலாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அளவுக்கு மெல்லிய ஓசை அயலில் இருப்பதே நன்று. இரண்டும் கலந்து நிற்கும்போதுதான் மூளை அதனை வேண்டாத ஒன்றாக ஒதுக்கக் கற்றுக்கொள்ளும். தீவில் வாழ்வோர்க்கு இதனைக் கடல் இலவசமாகத் தருகின்றது. கடலோரச் சன்னலைத் திறந்துவைத்துத் தூங்குதல், பனங்காற்று வீசும் பக்கம் தலைவைத்தல், மின்விசிறியை ஓடவிடுதல், வானொலியை இரு நிலையங்களுக்கு இடையே நிறுத்தி மெல்லிய இரைச்சலைக் கேட்டிருத்தல் என இவற்றுள் எதுவும் ஆகும். காது மந்தமாகியவர்க்குக் கேட்கும் கருவி பொருத்துவதும் இக்காரணத்தாலேயே உதவுகின்றது. வெளியோசை மீண்டும் வந்து சேர, மூளை தன் திருகியைச் சற்றுத் தணிக்கின்றது.

துன்பம் மிகுந்தோர்க்கு, இரைச்சலைப் பற்றிய எண்ணப் பழக்கத்தை மாற்றும் உளச்சிகிச்சையே இதுவரை நன்கு சோதிக்கப்பட்டது. 2020இல் வெளிவந்த பெருந்தொகுப்பாய்வு அதனால் ஒலி குறையாவிடினும் துன்பம் குறைகின்றது எனக் காட்டியது. காதிரைச்சலுக்கு உளச்சிகிச்சையா என நாணுதல் வேண்டா. உறக்கமின்றிப் பல மாதம் வாடியவர் உயிரையே வெறுக்கும் நிலைக்கு வருவதுண்டு. அத்தகைய பேச்சு ஒருவர் வாயிலிருந்து வந்தால் வீட்டார் அதனை வெறும் சலிப்பாகக் கொள்ளாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

செய்யத்தகாதவை சில. ஈர்க்கையோ கோழியிறகையோ காதினுள் விடுதல் ஆகாது. அது குறும்பியை உள்ளே தள்ளிச் செவிப்பறைமேல் அடைக்கும். குறும்பி அடைப்பினாலேயே காது இரைபவரும் உளர். அதனை வைத்தியசாலையிற் சில நிமிடத்தில் எடுத்துவிடுவர். செவிப்பறையில் துளை இல்லையென்று அறியாமல் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் ஆகாது; எண்ணெயும் அழுக்கும் நடுச்செவியுட் புகுந்து சீழ் வைக்கும்.

சில குறிகள் தோன்றினாற் பயிற்சிகளை விட்டு வைத்தியரை நாடவேண்டும். ஒரு காதில் மாத்திரம் நீங்காது இரைதல், சீழ் வடிதல், தலைசுற்றல், முகம் ஒருபுறம் இழுத்தல், தலையில் அடிபட்டபின் தொடங்கிய இரைச்சல் என்பன அவை. நாடித்துடிப்போடு ஒத்து 'தம் தம்' என ஒலிப்பது வேறு வகை. இரத்த அமுக்கம், இரத்தசோகை, குழாய்களின் கோளாறு ஆகியவற்றுள் எதுவும் அதன் பின்னே இருக்கலாம்.

இவற்றிலும் அவசரமானது ஒன்றுண்டு. ஒருவர் இரவு நலமாகப் படுத்துக் காலையில் எழும்போது ஒரு காது கேளாது, அதில் இரைச்சல் மாத்திரம் எஞ்சியிருக்கும். குளிர் பிடித்தது, தானே திறக்கும் என்று நாட்களைக் கடத்துவது எங்கும் உள்ள பழக்கம். படகுநேரம் பார்த்து, குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவும் வேலணையும் கடந்து யாழ்ப்பாணம் போகவேண்டிய நெடுந்தீவார்க்கோ அப்பழக்கத்துக்குக் காரணமும் உண்டு. ஆயினும் திடீர்ச் செவிடு என்னும் இந்நோய்க்கு ஸ்டீரொயிட்டு மருந்து முதற் சில நாட்களிற் கொடுக்கப்பட்டாற் செவி மீளும் வாய்ப்பு மிகுதி. இரு வாரம் கடந்தால் அவ்வாய்ப்பு மிகவும் அருகிவிடும்.

இது குறும்பி அடைப்போ நரம்பின் கேடோ என்று வீட்டிலிருந்தே ஓரளவு உய்த்தறிய வழியுண்டு. வாயை மூடி 'ம்' என்று நீள முரலவேண்டும். அவ்வொலி கேளாத காதிலே பெரிதாக ஒலித்தால் அக்காது அடைப்பினாற் கேளாதிருக்கலாம். வைத்தியரிடம் ஓரிரு நாளிற் காட்டலாம். நல்ல காதின் பக்கமே ஒலித்தால் உட்செவியோ நரம்போ கெட்டிருத்தல் கூடும். அவர் மறுநாட் காலையின் முதற் படகிலேயே புறப்படவேண்டும். எப்பக்கம் என்று தெளிவாகத் தோன்றாதவரும் அதே படகில் ஏறுவதே நன்று. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில், காது கேளாமற்போன நாளையும் நேரத்தையும் முதலிற் சொல்லவேண்டும்.